வெறும் வயிற்றில் வந்தவர்

ஆறேகாலுக்கு ஷட்டரைத் தூக்கும்போதே
படியில் நாலு பேர்,
எதிர் டீக்கடையைப் பார்க்காத மாதிரி பார்த்தபடி.
நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணி மட்டும்.
நீடாமங்கலத்தில் இதைவிடக் கடுமையான விரதம்
ஏகாதசிக்கும் கிடையாது.

முதல் டோக்கன் பக்கிரிசாமி, நாற்பத்தாறு வயது.
மூணாறு தலைப்பில் லஸ்கர்.
கயிறு மாதிரி உடம்பு.
ஊசி குத்த நரம்பைத் தேட வேண்டியதில்லை,
அதுவே எழுந்து வந்து நிற்கிறது.

ரத்தத்தைச் சுழலவிட்டால்
சிவப்பு அடியில் இறங்கும்.
மேலே நிற்கும் நீர்தான் எனக்கு வேண்டும்.
கொழுப்பு மிகுந்த சிலருக்கு அது
இரண்டாம் தேங்காய்ப்பால் போலக் கலங்கியிருக்கும்.
இவருடையது
சித்திரை மாசத்துக் கிணறு, அவ்வளவு தெளிவு.
நம்பினேன்.

மிஷின் நம்பவில்லை.
கெட்டது, நூறுக்குள் இருக்க வேண்டியது, இருநூற்றிருபது.
நல்லது, நாற்பதைத் தாண்ட வேண்டியது, முப்பத்து நாலு.
பிரிண்டர் இரண்டுக்கும் பக்கத்தில்
நட்சத்திரம் போட்டுத் தள்ளியது.

"கறி தீபாவளிக்குத்தாம்மா. பீடி கூட இல்ல.
குண்டா இருக்கவனுக்குல்ல இது வரும்?"

டாக்டரிடம் காட்டுங்கள் என்பதற்கு மேல்
எனக்குப் பேச அனுமதி இல்லை.
ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிறேன் அதை.
அன்றைக்கு என்னவோ
"வீட்டில் வேறு யாருக்காவது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ரயில்வே கேட் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்கு. நாப்பத்தொண்ணு அவனுக்கு.
ஆம்புலன்ஸ் கேட்டுல நின்னுச்சு.
கூட்ஸ் வண்டி, அம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணிக்கிட்டே இருந்தேன்.
எண்ணாம வேற என்ன செய்யிறது."

மேம்பாலம் கேட்டு ஆறு மனு போட்டிருக்கிறாராம்.
ஆறுக்கும் ரசீது வைத்திருக்கிறார்.

எனக்கு அந்தக் காகிதத்தை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை.
அந்த வண்டி அன்றைக்குக் கிளம்பியதல்ல.
தம்பி பள்ளிக்கூடம் போன காலத்திலேயே
எங்கேயோ பச்சைக்கொடி காட்டியிருப்பார்கள்.
பெட்டி பெட்டியாகச் சத்தமில்லாமல்
வந்துகொண்டிருந்தது.
சொல்லவில்லை.

ஆறு, வண்டல் என்று
உவமை நாக்கு நுனி வரை வந்தது.
ஆற்றுக்காரரிடம் போய் ஆற்றைப் பற்றியா?
அவரே கேட்டார்.

"தெனம் அளவுகோல் பாத்து எழுதுறவன் நான்.
எத்தனை அடி நின்னா எந்தப் பலகையத் தூக்கணும்னு தெரியும்.
இதத் தூர்வாரிட முடியாதா?"

"வழக்கமா வார்றதில்லைங்க.
மேல மேல படியாமப் பாத்துக்கிறதுதான்.
டாக்டர் மாத்திரை தருவாரு.
நல்லாருக்குன்னு நடுவுல நிறுத்திடாதீங்க."

அனுமதியை மீறி நாலு வாக்கியம்.
ஐந்தாவதும் சொன்னேன்:
"தம்பிக்குப் புள்ளைங்க இருந்தா
அவங்களுக்கும் பாத்துடுங்க."

காகிதத்தை நாலாக மடித்தார்.
மனு ரசீதுகளோடு சேர்த்து
பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் மழை.
சனிக்கிழமை ஏழே முக்காலுக்கு
கேட் திறந்ததும் முதலில் புகுந்த பைக்கில்
பின்னால் பக்கிரிசாமி, முன்னால் ஒரு பையன்,
மீசை இன்னும் தீர்மானத்துக்கு வரவில்லை.
பெயர் இளவழுதி, பத்தொன்பது, பாலிடெக்னிக்.

ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி
சுவரில் ஒட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்தான்.
அதையும் பிடிக்காமல்
பெரியப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

குழாயில் அவன் பெயரை எழுதினேன்.
சூடாக இருந்தது.
இன்னும் எந்த எண்ணும் இல்லை அதற்கு.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வாசல் வரை போனவன்
திரும்பி வந்து கேட்டான்:
"இப்ப டீ குடிக்கலாமாக்கா?"